கண்காட்சிகளும் கடுக்காயும்

மூன்றாம் ஆண்டு வண்ணக்கலை மாணவன்

ஓவியம் படிக்கிறேன் என்று சொன்னால் அம்பத்தூரில் எங்கள் தெருவாசிகள் கேட்கும் கேள்விகள் மூன்றே மூன்றுதாம். "சினிமாவுக்கு செட் போடப் போறியா?" என்பது ஒன்று. "என் போட்டோவ அப்படியே வரைஞ்சு தருவியா?" என்பது இரண்டு. மூன்றாவதை என்னிடம் கேட்கமாட்டார்கள். என் தந்தையிடம் கேட்பார்கள். "பையன் படிச்சு முடிச்சா என்ன வேலைக்குப் போவான்?"

அப்பா முப்பது ஆண்டுகளாகத் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டும் டர்னர். தலைமுடி அளவு பிசகினாலும் பொருள் திரும்பி வந்துவிடும் தொழில் அது. அளந்து சொல்ல முடியாத எதையும் அவர் சொல்லமாட்டார். ஆகவே அந்தக் கேள்விக்கு "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவார். அந்தப் "பாக்கலாம்" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் நான் நாள்தோறும் காலையில் மின்சார இரயில் ஏறினேன்.

அம்பத்தூரில் ஏறினால் பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர், வியாசர்பாடி, பேசின் பாலம், பிறகு மூர் மார்க்கெட் வளாகம். உட்கார இடம் கிடைத்தால் எதிரே தூங்குபவரை வரைவேன். தூங்கும் மனிதர்களைப் போல் நல்ல மாடல்கள் உலகில் இல்லை. அவர்கள் கூலி கேட்பதில்லை. இறங்க வேண்டிய நிலையத்தில் மட்டும் எப்படியோ விழித்துக்கொண்டு பாதி முகத்தோடு போய்விடுவார்கள். என் முதலாம் ஆண்டுக் கோட்டோவிய நோட்டில் பாதி முகங்களே மிகுதி.

கண்காட்சிகளுக்குப் போகும் பழக்கம் அந்த ஆண்டில்தான் தொற்றிக்கொண்டது. முதலில் எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கிய அந்த இடத்தை நான் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். அப்போது திமிங்கலத்தின் எலும்புக்கூடு மட்டுமே நினைவில் தங்கியது. ஓவிய மாணவனாக நுழைந்தபோது செப்புத் திருமேனிகளின் அறையில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் கால் நின்றுவிட்டது. திருவாலங்காடு எங்கள் இரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டி இருக்கும் ஊர். சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் நிழற்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அது 1921இல், அவர் மறைந்த பிறகு, அச்சாயிற்று. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நான் சீசன் டிக்கெட்டில் வந்து நேரில் நிற்கிறேன்! அந்த மகிழ்ச்சியில் இரண்டு மணி நேரம் வரைந்தேன். வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். அவர் தூக்கிய காலைப் பார்க்கவில்லை. "இவ்ளோ எடையும் ஒத்தக் கால்ல நிக்குது. ஊத்தினவனுக்கு சென்டர் தெரிஞ்சிருக்கு" என்றார். அதைவிட நல்ல விமரிசனத்தை நான் அந்த ஆண்டு முழுதும் கேட்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது எனக்கு அது வெறும் பட்டறைப் பேச்சாகத்தான் பட்டது.

கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி வேறு உலகம். அங்கே கட்டணம் கிடையாது. ஆனாலும் உள்ளே நுழைய எனக்குத்தான் தயக்கம். வெள்ளைச் சுவர், பெரிய பெரிய படங்கள், மெல்லப் பேசும் மனிதர்கள். ஒருமுறை தொடக்க விழாவில் தேநீர்க் கோப்பையோடு நின்ற ஒரு பெரியவர், "அப்பா என்ன செய்கிறார்?" என்று அன்பாகக் கேட்டார். "என்ஜினீயரிங் லைனில் இருக்கிறார்" என்றேன். பொய்யில்லை. உண்மையும் இல்லை. அன்று இரவு இரயிலில் யாரையும் வரையத் தோன்றவில்லை.

கண்காட்சி பார்த்து வந்த நாட்களில் நான் செய்த சோதனைகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை பிறர் செய்ததை நான் மறுபடி செய்ததுதான். பத்திக் கோடுகள் போட்ட ஓவியம் பார்த்தால் மறுவாரம் என் படத்திலும் பத்திக் கோடுகள். சணல் சாக்கு ஒட்டியிருந்தால் எங்கள் வீட்டு அரிசிச் சாக்குக்கு ஆபத்து.

உச்சகட்டம் டயர்ச் சோதனை. 1953இல் அமெரிக்க ஓவியர் இராபர்ட் ராஷன்பெர்க், இருபது தாள்களை நீளமாக ஒட்டித் தெருவில் விரித்து, டயருக்கு வண்ணம் பூசி, இசையமைப்பாளர் ஜான் கேஜை அவருடைய ஃபோர்டு காரை அதன்மேல் ஓட்டிவரச் சொன்னார். அந்த ஒரே நீளச் சுவடு இன்று சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைப் படித்ததும், டயர் உற்பத்திக்குப் பேர்போன ஊரில் பிறந்த நான் சும்மா இருக்கலாமா? பக்கத்து வீட்டு அண்ணனின் மொபெட்டைக் கடன் வாங்கி, சார்ட் தாள்களை ஒட்டிச் சந்தில் விரித்தேன். கறுப்பு எனாமல் பூசினேன். மொபெட் மூன்றாவது தாளில் வழுக்கிற்று. சுவடு தாளில் கொஞ்சமும் என் சட்டையில் கொஞ்சமும் மீதி எதிர்வீட்டுக் கோலத்தின்மேலும் பதிந்தது. எதிர்வீட்டு அம்மா என்ன சொன்னார் என்பதை ஆண்டு மலரில் அச்சிட ஆசிரியர் குழு இசையாது. எனாமல் காய்வதற்குள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததில் அன்றைய நாள் முடிந்தது. பிறகு யோசித்தபோது, அந்தச் சுவடு பிழையில்லாமல் பதிந்திருந்தால்கூட அது ராஷன்பெர்க்கின் படம்தானே, என்னுடையது எங்கே என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் இல்லை.

இரண்டாம் ஆண்டில் நண்பர்கள் நால்வர் ஈஞ்சம்பாக்கத்திற்குப் போனோம். நம் கல்லூரியின் முதல்வராக 1957 முதல் 1967 வரை இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்த கலைஞர்களும் 1966இல் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே இருக்கிறது. 2009இல் திறந்த அருங்காட்சியகத்தில் சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகள் உள்ளன. பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்துப் போன்றவை, கணக்குப் போன்றவை, சாதகக் கட்டம் போன்றவை எல்லாம் ஒன்றாக நெருங்கி நிற்கும். படிக்கப் போனால் படிக்க முடியாது. ஆனால் நம் வீட்டுப் பஞ்சாங்கமும் மளிகைக் கணக்கும் மனத்திற்கு வரும். அந்தக் கலைஞர்கள் படம் விற்றுப் பிழைக்க முடியாத நாட்களில் பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றே இந்த நிலத்தை வாங்கினார்கள் என்று அறிந்தபோது, என் தந்தை கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் கிடைத்தது போல் இருந்தது.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது பி.வி. ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பம். தகட்டைத் தட்டித் தட்டி, கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசம் போல முன்பக்கத்தை மட்டும் எழுப்பியிருக்கிறார். சுத்தியல் விழுந்த இடம் ஒவ்வொன்றும் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சம்பந்தமே இல்லாமல் எங்கள் வீட்டுத் திண்ணை நினைவு வந்தது. அங்கே அப்பாவின் சட்டை மாட்டியிருக்கும். மாலையில் அதை உதறினால் பையிலிருந்தும் மடிப்பிலிருந்தும் இரும்புச் சீவல்கள் உதிரும். மழைக்காலத்தில் அவை சிமெண்டுத் தரையில் துருவேறிப் பழுப்புச் சுருள்களாகப் பதிந்துவிடும். அம்மா எத்தனை தேய்த்தாலும் போகாது. இருபது ஆண்டுகளாக என் காலடியில் கிடந்த பதிப்போவியம்!

மறுநாள் அப்பாவிடம் ஒரு பை சீவல் கேட்டேன்.

"எதுக்குடா?"

"படத்துக்குப்பா."

ஏற இறங்கப் பார்த்தார். மாலையில் பழைய சிமெண்டுப் பையில் ஒன்றரைக் கிலோ வந்தது.

அவருடைய பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்து, உப்புநீரில் நனைத்து, சீவலைப் பரப்பிச் சுருட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தேன். மூன்று நாள் கழித்துப் பிரித்தால் ஒன்றுமே இல்லை, எண்ணெய்க் கறைதான். லேத்தில் ஊற்றும் எண்ணெய் இரும்பைத் துருப்பிடிக்க விடாது என்பது அப்பா சொல்லித்தான் தெரிந்தது. சோடா உப்புப் போட்ட வெந்நீரில் கழுவிவிட்டு மீண்டும் வைத்தேன். இம்முறை பாதித் துணியில் அழகான பழுப்பு, மறுபாதி வெறுமை. அப்பா அந்தப் பாதியிலிருந்து ஒரு சீவலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "இது பித்தளைடா. இது எந்தக் காலத்துல துருப்பிடிக்கும்?" என்று சிரித்தார். அவர் என் படிப்பு சம்பந்தமாகச் சிரித்தது அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு வீடு ஒரு சோதனைக்கூடமாயிற்று. புளித்தண்ணீர், வினிகர், பழைய மோர் என்று புளிப்பு உள்ளவை எல்லாவற்றையும் இரும்போடு சேர்த்துப் பார்த்தேன். நிறம் வந்தது, ஆனால் எல்லாம் ஒரே செம்பழுப்பு. எனக்குக் கருமை வேண்டும். கடையில் விற்கும் கறுப்பு வண்ணத்தைத் தீட்டினால் அது துணியின் மேல் தனியாக உட்கார்ந்து, அந்நியனைப் போல் முறைத்தது.

வழி காட்டியது ஒரு கைவினைக் கண்காட்சி. காளஹஸ்தியிலிருந்து வந்திருந்த கலம்காரி ஓவியர் ஒருவர் தரையில் அமர்ந்து வரைந்துகொண்டிருந்தார். மூங்கில் குச்சியின் முனையைக் கூராக்கி, நடுவில் கம்பளி சுற்றி, அதை ஏதோ கலங்கிய நீரில் தோய்த்துத் துணியில் கோடு போட்டார். கோடு முதலில் மங்கலாக விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. "இது என்ன மை?" என்று கேட்டேன். "மை இல்லை தம்பி. பழைய இரும்பு, வெல்லம், தண்ணி" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பானையில் நீரோடு மூடி இருபது நாள் வரை புளிக்கவிட வேண்டும். துணியை முன்கூட்டியே கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் ஊறவைத்து வெயிலில் உலர்த்தியிருக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்திக்கும் இடத்தில் கறுப்பு பிறக்கிறது. பால் எதற்கு? பாலின் கொழுப்பு கோட்டைப் பரவவிடாமல் தடுக்கிறது. எருமைப்பால் உத்தமம். நம் பக்கத்திலும் கும்பகோணத்தை ஒட்டிய சிக்கல்நாயக்கன்பேட்டையில் இந்தக் கலை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய இத்தகைய துணிகளின் மோகம் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் எவ்வளவு முற்றிப்போயிற்று என்றால், தங்கள் நெசவாளர்களைக் காக்க பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் தடைச் சட்டமே போட்டன. நம் கல்லூரிக்கு அருகிலுள்ள சிந்தாதிரிப்பேட்டை 1734இல் நெசவாளர்களுக்கென்றே அமைந்த ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படி மருவிற்று என்பார்கள். நான் அதன் வழியாக எத்தனையோ முறை ஐரோப்பிய ஓவியர்களைப் பற்றி நினைத்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கினேன். பானை மாடிப்படியின் கீழ் இருபது நாள் இருந்தது. நாற்றம் தாங்காமல் அம்மா, "ஏண்டா, படம் போடறியா, சாராயம் காய்ச்சறியா?" என்று கேட்டாள். பாலுக்கு அவளிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. பாக்கெட் பாலில் கோடு சற்றுப் பரவியது. திருமுல்லைவாயில் பக்கம் எருமை வைத்திருப்பவரைத் தேடிப்போய் அரை லிட்டர் வாங்கி வந்த பிறகு நின்றது. முதல் கறுப்பு வந்த அன்று இரவு பதினொரு மணி. எழுப்பிக் காட்ட மனமில்லாமல் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அப்பா வேலை பார்த்த பட்டறையை விற்கப் போவதாகச் செய்தி வந்தது. தொழிற்பேட்டையில் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்புவதை நெடுநாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இருக்கும் பட்டறைகளிலும் கணினியால் ஓடும் கடைசல் இயந்திரங்கள் வந்துவிட்டன. கையால் ஓட்டும் பழைய லேத்துகளை எடைக்குப் போட்டார்கள். ஐம்பத்து நான்கு வயதில் அப்பாவுக்கு ஆவடிப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தது.

என் படிப்பை நிறுத்துவது பற்றி வீட்டில் பேச்சு எழுந்தது. பூந்தமல்லியில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் மாமா, "நாளைக்கே வரட்டும்" என்றார். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஒரு முனையில் நம் கல்லூரி. மறுமுனையில் அந்தக் கடை. முடிவில் இரண்டுக்கும் இடையே பேருந்தில் போய்வருவது என்று ஏற்பாடாயிற்று. பகலில் வகுப்பு, மாலையில் மாமா கடையில் காதணி விழாப் பதாகை. கலை உள்ளம் என்ன ஆயிற்று என்று கேட்கவேண்டாம். எழுத்துகளை இடைவெளி விட்டு அமைப்பதை நான் அங்கேதான் ஒழுங்காகக் கற்றேன்.

மனத்தை உறுத்தியது வேறொன்று. அப்பாவின் கடைசிச் சீவல் மூட்டை மாடிப்படியின் கீழ் கிடந்தது. அவருடைய வேலை போய்விட்டது. அவர் கழித்த இரும்பை வைத்து நான் படம் போட்டு, அதற்கு ஆசிரியரிடம் பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். கடற்கரையில் 1959இல் திறந்த உழைப்பாளர் சிலையைச் செய்தவர் நம் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பாறையை நெம்பும் அந்த நான்கு பேரின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம், அவர்களிடம் யாராவது கேட்டுவிட்டுச் செய்தார்களா என்று ஒரு விபரீதமான கேள்வி எனக்குள் எழும். நான் அப்பாவிடம் கேட்கவேயில்லை. கண்காட்சிக்கு அழைக்கவும் இல்லை. எப்படி அழைப்பது? "என்ஜினீயரிங் லைன்" என்று சொன்னவன் நான்தானே.

கல்லூரிக் கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு சொல்லிவிட்டேன். "உங்க வேட்டிய மாட்டியிருக்கேம்பா. சனிக்கிழமை வரீங்களா?"

"என் வேட்டிய மாட்டறதுக்கா காலேஜு?" என்றார். ஆனால் வந்தார். அரை நாள் வேலை முடித்து, கையில் சாப்பாட்டுக் கேரியரோடு, வாசலில் தயங்கி நின்றார். நான் ஓடிப்போய் அழைத்துவந்தேன். வழியில் பேச ஒன்றும் தோன்றாமல் கல்லூரியின் வரலாற்றைச் சொன்னேன். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி; தொழிற்கலைகளைக் கற்றுத்தருவது அவர் நோக்கங்களில் ஒன்று; 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனைகளை இங்கேதான் நடத்தினார் என்றேன். அப்பா சட்டென்று நின்றார். கேரியரைத் தூக்கிப் பார்த்தார்.

"அலுமினியப் பாத்திரமா? இங்கயா?"

"ஆமாப்பா."

"அப்ப இது பட்டறைதான்னு சொல்லு" என்றார். அதன் பிறகு அவர் நடையில் தயக்கம் இல்லை.

வேட்டித் துணி கூரையிலிருந்து தொங்கியது. மேலே துருவின் பழுப்புச் சுருள்கள். கீழே வரவரக் கடுக்காயில் கறுத்த பகுதி. பார்வையாளர் சிலர் அது மழைமேகம் என்றார்கள், சிலர் தலைமுடி என்றார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிக அருகில் போனார். தொடவேண்டாம் என்று எழுதி வைத்திருந்ததை நானே எடுத்துவிட்டேன். விரலால் ஒரு நீளச் சுருளைத் தொடர்ந்தார்.

"இது எம்.எஸ். ராடு. அறுபடாம ஓடியிருக்கு பாரு. அன்னிக்கு டூல் புதுசு."

இன்னும் கீழே வந்தார். அங்கே சுவடுகள் சின்னச் சின்னதாக, பிய்ந்து பிய்ந்து இருந்தன. அவை கடைசி மூட்டையிலிருந்து வந்தவை. அங்கேயே வெகுநேரம் நின்றார்.

"டூல் மழுங்கியிருக்கு. தீட்டாம ஓட்டியிருக்கேன்" என்றார் மெதுவாக. "அந்த வாரம் தீட்டத் தோணல."

தேநீர் கொண்டுவந்த நண்பனிடம், "எங்க அப்பா. டர்னர்" என்றேன். அப்பா அவனுக்கு வணக்கம் சொன்னார்.

திரும்பும்போது இரயிலில் இடம் கிடைத்தது. கொரட்டூர் தாண்டியதும், "அந்தக் கறுப்பு எத்தன வருசம் தாங்கும்?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். பழைய கலம்காரித் துணிகளில் மற்ற வண்ணங்கள் அப்படியே இருக்க, கறுப்புக் கோடு போட்ட இடம் மட்டும் இற்று உதிர்ந்திருப்பதுண்டு. இரும்பு துணியை மெல்ல மெல்லத் தின்றுவிடும் என்றேன்.

"இரும்புன்னா அப்படித்தான்" என்றார். "எண்ணெய் போட்டு வெக்க முடியாதா?"

"துணிக்கு எண்ணெய் ஆகாதுப்பா."

யோசித்துக்கொண்டே வந்தார். அம்பத்தூரில் இறங்கினோம்.

மறுவாரம் வியாழக்கிழமை ஆவடியிலிருந்து வந்தவர் சட்டையை மாட்டிவிட்டு, கேரியரின் அடித்தட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் தூள் இருந்தது. சுருள் ஒன்றுகூட இல்லை.

"வார்ப்பிரும்பு. இது சுருளாது, பொடியாத்தான் விழும். இத நீ இன்னும் போட்டுப் பாக்கல இல்ல?"